போனில் படம் வரும், மார்க் வராது

வாலாஜாபாத்தில் சிறுதொழில் தொடங்குகிறவர்கள் கூடும் இடம் எதுவானாலும் ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது. செக்கு எண்ணெய் ஆட்டுபவர், மசாலாப் பொடி அரைத்து விற்பவர், இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பெண், கேட்டரிங் எடுத்து நடத்துபவர் என யாரிடம் லோகோ பேச்சை எடுத்தாலும் பதில் ஒன்றுதான்: "அதுக்கெல்லாம் எதுக்குங்க காசு? போன்லயே அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம்." லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு ஆன்லைனில் லோகோ செய்து தரலாம் என்று இறங்கும் பிள்ளையிடம் வீட்டார் சொல்வது இதன் மறுபாதி: "ஏஐ வந்துடுச்சு. இனிமே அதுல என்ன இருக்கு? ஒரகடத்துல ஏதாவது கம்பெனிக்குப் போ."

இதை டீக்கடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. படித்தவர்களும் பெரிய வியாபாரிகளும் இதையேதான் நம்புகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கு. இலவச ஆப் இருக்கிறது. கேட்டதை வரைந்து தரும் ஏஐ இருக்கிறது. நைக்கியின் லோகோவே 35 டாலருக்கு வரைந்ததுதான். கடைசியாக, இவ்வளவு போட்டிக்கு நடுவே பாலாற்றங்கரைச் சிற்றூரில் உட்கார்ந்துகொண்டு யாரும் இதில் பிழைக்க முடியாது. நான்கும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. நான்குமே தவறு. காரணம், லோகோ என்றால் அழகான ஒரு படம் என்ற நினைப்பிலிருந்துதான் நான்கும் கிளம்புகின்றன.

லோகோ என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழர்களிடம் அதற்கு ஒரு சொல் இருந்தது: மார்க். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய குளிர்பான நிறுவனத்துக்குக் காளிமார்க் என்றே பெயர் நின்றுவிட்டது. சங்கு மார்க் லுங்கி என்று கேட்டு வாங்கிய தலைமுறைக்குத் தயாரித்த நிறுவனத்தின் முழுப்பெயர் தெரிய வேண்டியிருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடைக்காரரிடம் மார்க்கைச் சொல்லிக் கேட்டார், அதைப் பார்த்துத்தான் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் கட்சிகளுக்குச் சின்னம் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். மார்க் அழகாக இருந்தால் நல்லது. ஆனால் அதன் வேலை அழகு காட்டுவது இல்லை. இது இன்னாருடையது, வேறொருவருடையது இல்லை என்று சொல்வதுதான் அதன் வேலை.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004-இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-இல் கிடைத்தது. தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த சேலைக்கும், வேறெங்கோ நெய்து காஞ்சிபுரம் என்ற பெயரில் விற்கும் சேலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குபவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடுகள் தேவைப்பட்டன. அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறி போட்டிருக்கும் குடும்பங்களுக்கு, பெயரையும் மார்க்கையும் காப்பாற்றாவிட்டால் உழைப்பின் பலன் வேறொருவர் கைக்குப் போய்விடும் என்பது அனுபவத்தில் தெரிந்த உண்மை.

இப்போது முதல் காரணத்துக்கு வருவோம்.

இலவச ஆப்களில் பெயர்பெற்றது கேன்வா. 2013-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அழைப்பிதழ், பிறந்தநாள் போஸ்டர், பள்ளி விழா பேனர் என்று பல வேலைக்கு அது அருமையான கருவி. ஆனால் அதன் லோகோ டெம்ப்ளேட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அதே டெம்ப்ளேட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்த லோகோவை வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியாது என்று கேன்வாவே தன் நிபந்தனைகளில் சொல்லியிருக்கிறது. ஷட்டர்ஸ்டாக் போன்ற படக் களஞ்சியங்களும் தங்கள் படங்களை லோகோவாகவோ வணிகக் குறியாகவோ பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே தடை போட்டிருக்கின்றன. இலவசமாகக் கிடைத்தது படம் மட்டும்தான். 'இது எனக்கு மட்டுமே' என்ற உரிமை அதோடு சேர்ந்து வரவில்லை.

அந்த உரிமை வருவது 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் வழியாக. பொருள்களும் சேவைகளும் அதில் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு. ஆகவே எண்ணெயும் பொடியும் ஒரே பெயரில் விற்பவர் இரண்டு வகுப்பிலும் விண்ணப்பிக்க வேண்டும். இணையம் வழியாக விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு வணிகக் குறி இதழில் வெளியாகும். அதன்பின் நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவானால் பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

இதில் லோகோ செய்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதி வேலை அவருடையது. தரம், இடம், பொருளின் தன்மை ஆகியவற்றை மட்டும் சொல்லும் குறிகளைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு தடுக்கிறது. 'காஞ்சி சுத்தமான எண்ணெய்' என்ற பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதி ஒருவர் தனக்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முன்பே இருக்கும் குறியைப் போல இருப்பதை 11-ஆவது பிரிவு தடுக்கிறது. இந்த வட்டாரத்தில் லோகோ என்றதும் பலரும் கேட்பது கோபுரம். வரைந்து கொடுப்பது எளிது. ஆனால் தமிழ்நாடு அரசின் இலச்சினையிலும் கோபுரம்தான் இருக்கிறது. அரசு இலச்சினையையோ அதைப் போலத் தோன்றும் ஒன்றையோ வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடை செய்கிறது. 'கோபுரம் வேண்டுமென்றால் இப்படி வரையலாம், அப்படி வரையக் கூடாது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆப் அதைச் சொல்லாது.

வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் காசு கொடுக்காமல் தேடலாம். பெயரை எழுத்தால் தேடலாம், ஒலியால் தேடலாம். ஸ்ரீயை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று யோசித்தால் ஒலித் தேடலின் அருமை புரியும். படங்களை, உருவங்களை வகை பிரிக்கும் வியன்னா வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடலாம். விளக்கு, மயில், கலசம் என்று வாடிக்கையாளர் விரும்பும் உருவம் அதே வகுப்பில் ஏற்கெனவே யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பென்சிலைக் கையில் எடுப்பவர்தான் லோகோ தொழில் செய்பவர். தேடாமல் வரைந்து கொடுப்பவர் படம் விற்கிறார், அவ்வளவுதான்.

ஒப்புமை என்ற ஆபத்து பெரிய இடத்தையும் விடுவதில்லை. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் லோகோ 2015 ஜூலையில் வெளியானது. பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் லோகோவைப் போல இருக்கிறது என்று புகார் எழுந்தது. வரைந்தவர் மறுத்தார். ஆனாலும் செப்டம்பர் 1-ஆம் தேதி ஏற்பாட்டாளர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒலிம்பிக் குழுவால் அந்த அடியைத் தாங்க முடிந்தது. ஆயிரம் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டிய பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாலாஜாபாத் எண்ணெய் வியாபாரியால் தாங்க முடியுமா?

இரண்டாவது காரணம் ஏஐ. இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஏஐ தரும் படங்கள் நாளுக்கு நாள் மெருகேறி வருகின்றன. யோசனைக்கும் மாதிரிக்கும் லோகோ செய்பவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தவும் வேண்டும். ஏஐ செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படத்தை வணிகக் குறியாகப் பதிய முடியாது என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆனால் முன்பே யாரேனும் அதைப் போல வைத்திருக்கிறார்களா என்று தேடும் பொறுப்பு அப்படியே நிற்கிறது. பதிப்புரிமையும் கேள்விக்குள்ளாகிறது. மனிதர் கைபடாமல் இயந்திரமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்ப நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது தமிழ். ஏஐயும் ஆப்பும் அதிகம் தடுமாறும் இடமும் அதுதான், வாலாஜாபாத்துக்காரருக்குப் பிழைப்பு இருக்கும் இடமும் அதுதான். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்ற அளவில் எழுத வேண்டும் என்பது அரசு விதி. ஆப்பில் வரும் டெம்ப்ளேட்டுகளோ பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. அந்த இடத்தில் தமிழை அப்படியே ஒட்டினால் உட்காராது.

'வாலாஜாபாத்' என்ற பெயரையே ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். வா, லா, ஜா, பா என்று அடுத்தடுத்து நான்கு துணைக்கால். கடைசியில் புள்ளி வைத்த த். ஏதோ ஒரு ஃபான்ட்டில் அடித்துப் பலகையில் ஏற்றினால், சாலையின் எதிர்ப்புறம் நிற்பவருக்கு எழுத்துக்கு முன்னால் அந்த நான்கு கால்கள்தான் வேலிக்கம்பு நட்டது போலத் தெரியும். ஆங்கிலத்துக்குச் செய்வது போல எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் இன்னும் மோசம். கால் தன் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நிற்கும், 'ர' என்று கூடக் கண்ணை ஏமாற்றும். எழுத்து வரையத் தெரிந்தவர் முதலில் வ-வுக்கும் அதன் காலுக்கும் உள்ள வெளியைக் குறைப்பார். அந்தக் காலுக்கும் அடுத்து வரும் ல-வுக்கும் நடுவே கொஞ்சம் கூட்டுவார். நான்கு காலின் தடிமனையும் ஒன்றாக்குவார். கேட்டவர் நெசவுக்காரர் என்றால் வரைபவருக்கு இன்னொன்றும் தோன்றும். கைத்தறிக்கும் நான்கு கால்தான். அந்த நான்கு துணைக்காலைத் தறிக்காலாக நிறுத்தி, மேலே ஒரு கோடு பாவு போல ஓடவிட்டால் ஊர்ப் பெயரே தறியாகிவிடும். தறியின் அருகில் நின்று பார்த்த கண்ணுக்குத்தான் இது தெரியும்.

இந்த எழுத்தறிவுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. இந்திய ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும் என்று மத்திய அரசு போட்டி வைத்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலை 15-ஆம் தேதி தேர்வானது கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கத்தின் வடிவம். தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் அதில் ஒன்றாகின்றன. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அந்தக் குறியில் இருப்பது சில கோடுகள்தான், யாரும் நொடியில் எழுதிவிடலாம். ஆனால் அதை வரைந்தவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐஐடியில் வடிவமைப்பு படித்து, தமிழ் அச்செழுத்தின் வரலாற்றையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். எழுத நொடி போதும் என்பதால் அதைக் கண்டடையவும் நொடி போதும் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்து வந்தபோது நாடு முழுவதும் விவாதம் நடந்தது. ஒரே ஓர் எழுத்து மாறியதற்கு அத்தனை பேச்சு.

அடுத்து நைக்கி கதை. 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி அந்தக் குறியை வரைந்து 35 டாலர் வாங்கினார் என்பது உண்மை. லோகோவுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1983-இல் நைக்கி அவரை அழைத்து, அந்தக் குறி பதித்த வைர மோதிரத்தையும் நிறுவனப் பங்குகளையும் கொடுத்தது. கொடுத்த கூலி போதாது என்று நைக்கியே உணர்ந்து சரிசெய்த கதை அது. மலிவுக்கு அதைச் சாட்சியாக அழைப்பது தவறு.

இணையத்தில் ஐந்து டாலருக்குக் கிடைக்கும் லோகோ வேலையையும் இப்படித்தான் தவறாகச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 2010-இல் தொடங்கிய ஃபைவர் தளத்தின் பெயரே ஐந்திலிருந்து வந்தது. ஐந்து டாலருக்கு ஒரு வேலை செய்தால் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கைக்கு வருவது நான்கு டாலர். 2008-இல் மெல்பர்னில் தொடங்கிய 99டிசைன்ஸ் போட்டி முறையைப் பரப்பியது. பலர் வரைவார்கள், வென்றவருக்குப் பணம், மற்றவர்களின் உழைப்புக்குக் கூலி இல்லை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் 'இதில் பிழைக்க முடியாது' என்கிறார்கள். அவர்கள் பார்த்தது படத்தைச் சந்தையில் கொட்டி விற்கும் முறை. அங்கே பிழைப்பு கடினம் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தை தாழ்ந்து கிடக்கிறது என்பதால் தொழிலே தாழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

வாட்ஸ்அப்பில் வந்த லோகோவோடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனவர்களுக்குப் படம் விற்பதற்கும் தொழிலாகச் செய்து தருவதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தின் அகலம் 1,600 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்தடி பேனரில் இழுத்தால் 120 அங்குலத்துக்கு 1,600 புள்ளி, அதாவது அங்குலத்துக்குப் பதின்மூன்று. விளிம்பு முழுக்கப் படிக்கட்டு போலத் தெரியும். "ஒரிஜினல் ஃபைல் இருக்கா? கோரல்ல இருந்தா குடுங்க" என்று கடைக்காரர் கேட்பார். இருக்காது. அவரே அவசரத்துக்கு மறுபடி வரைவார். பேனரில் ஒரு பச்சை, பாட்டிலில் ஒரு பச்சை, பில்லில் கறுப்பு என்று ஒரே கடைக்கு மூன்று லோகோ ஆகிவிடும். ரப்பர் ஸ்டாம்ப் முதல் பெயர்ப்பலகை வரை எந்த அளவிலும் கெடாத வெக்டர் ஃபைல், ஒற்றை நிற வடிவம், நிறங்களின் எண்கள், உரிமம் சரியான ஃபான்ட் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பதுதான் இந்தத் தொழில். காடமரான், முக்த மலர், பலூ தம்பி போன்ற தமிழ் ஃபான்ட்டுகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. திருட்டு ஃபான்ட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சிற்றூரில் இருந்துகொண்டு முடியாது என்பது கடைசிக் காரணம். வெளியூர் வாடிக்கையாளரோடு பேச இணையம் போதும். உள்நாட்டுப் பணத்துக்கு யுபிஐ, வெளிநாட்டுப் பணத்துக்குப் பேபால் இருக்கின்றன. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம் இல்லை. ஊர் தடையாக இருந்த காலம் போய்விட்டது. வாலாஜாபாத்துக்கு ஒரு புறம் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள், இன்னொரு புறம் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடும் வண்டியும் ஆளும் அனுப்பும் சிறு நிறுவனங்கள், உத்திரமேரூர்ப் பக்கம் நெல்லும் எண்ணெய் வித்தும் விளைவிப்பவர்கள். இவர்களில் தனக்கென்று ஒரு மார்க் தேவைப்படாதவர் யார்?

ஆனால் இந்தத் தவறான கருத்து வேரூன்றியதில் தொழில் செய்பவர்களுக்கும் பங்கு உண்டு. 'மூன்று மாதிரி, ஐந்து திருத்தம், 499 ரூபாய்' என்று விளம்பரம் போட்டவர்கள் அவர்கள்தான். அதைவிடப் பெரிய குறை, எதையும் எழுதிக்கொள்ளாமல் வேலை செய்வது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வரைந்தால் உரிமை முதலாளிக்கு. வெளியாளாக இருந்து வரைந்து தருபவர், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை அவரிடமே நிற்கும் என்பதுதான் பொதுவான நிலை. மாற்றிக் கொடுக்கும்போதும் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக, பணம் கொடுத்து லோகோ வாங்கிய கடைக்காரர் ஆறாவது ஆண்டில் அது தனதா இல்லையா என்று தெரியாத நிலையில் நிற்கலாம்.

எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை விதிகளை வெட்டி வைத்தார்கள். ஊர்ச் சபைக்கு உறுப்பினராக நிற்பவருக்கு வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது, முன்பு கணக்குக் காட்டாதவர் நிற்கவே கூடாது என்று ஒவ்வொன்றையும் கல்லில் எழுதினார்கள். பின்னால் சண்டை வரக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அதே வட்டாரத்தில் இன்று தொழில் செய்பவர் அரைப் பக்க ஒப்பந்தத்துக்குத் தயங்குவது வருத்தம் தருகிறது.

இலவச ஆப் போதுமான இடங்களும் உண்டு. ஒருநாள் கபடிப் போட்டி, கோயில் திருவிழா அன்னதானம், பழைய மாணவர் சந்திப்பு, இரண்டு மாதம் சோதனையாக நடத்திப் பார்க்கும் இட்லிக் கடை ஆகியவற்றுக்குக் காசு கொடுத்து லோகோ செய்ய வேண்டியதில்லை. நேர்மையான தொழில்காரர் இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். பெயரைப் பத்து ஆண்டு சுமந்து, பாட்டிலில் ஒட்டி, அடுத்த மாவட்டத்துக்கும் அனுப்பப் போகிறவருக்குத்தான் மார்க் தேவை.

அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கும் பில்லில் நான்கு வரி இருக்கட்டும். எந்தெந்த வகுப்பில் தேடப்பட்டது, தேடிய தேதி என்ன. எந்த ஃபான்ட், அதன் உரிமம் எது. எந்தெந்த ஃபைல் கொடுக்கப்பட்டது. பதிப்புரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு யார் பெயரில் மாற்றப்பட்டது. இந்த நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் 5,000 ரூபாய் கேட்டால் அது படத்துக்கான விலை இல்லை. செக்கு எண்ணெய்க்காரர் அந்தத் தாளை ஃபைலில் வைத்துக்கொண்டு, முதல் ஆயிரம் ஸ்டிக்கருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே 29-ஆம் வகுப்பில் விண்ணப்பித்துவிடலாம். அதற்காகக் கிண்டியில் இருக்கும் பதிவகத்துக்கு ரயில் ஏற வேண்டியதும் இல்லை.